பேர் ஒரு கணக்கு, பணம் ஒரு கணக்கு

1975 அக்டோபர் கடைசியில் இங்கிலாந்தில் குவீன் குழுவின் சின்ன இசைத்தட்டு ஒன்று கடைக்கு வந்தது. ஒரு பக்கம் ‘பொஹீமியன் ராப்சடி’. எழுதியவர் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி. ஏறக்குறைய ஆறு நிமிடப் பாட்டு. வானொலிக்கு இவ்வளவு நீளம் ஒத்துவராது என்று பலரும் தலையாட்டிய பாட்டு. அது ஒன்பது வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. தட்டைத் திருப்பிப் போட்டால் ‘ஐயாம் இன் லவ் வித் மை கார்’. எழுதிப் பாடியவர் டிரம்மர் ராஜர் டெய்லர். தன் காரின் மேல் காதல் கொண்ட ஒருவனைப் பற்றிய பாட்டு.

வாங்கியவர்களில் எத்தனை பேர் தட்டைத் திருப்பினார்களோ தெரியாது. ஆனால் தட்டு விற்றால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே தொகை. நாடே முணுமுணுத்த பாட்டை எழுதியவருக்கும், காரைக் கொஞ்சிப் பாட்டெழுதியவருக்கும் அந்தத் தட்டிலிருந்து எழுத்தாளர் பங்கு சரிபாதி. கிதார் வாசித்த பிரையன் மேக்கும் பேஸ் வாசித்த ஜான் டீக்கனுக்கும் அந்தப் பங்கில் ஒரு பைசா கிடையாது. ‘பொஹீமியன் ராப்சடி’யில் மேயின் கிதார் இல்லாவிட்டால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். தன் பாட்டைப் பின்பக்கத்தில் போட மற்றவர்கள் சம்மதிக்கும்வரை டெய்லர் அலமாரிக்குள் புகுந்து பூட்டிக்கொண்டார் என்று ஒரு கதை ராக் உலகத்தில் இன்றைக்கும் உலவுகிறது. கதை எப்படியோ, அவர் கேட்டது விவரம் தெரிந்த ஆள் கேட்கிற விஷயம்.

நானும் டிரம்ஸ் வாசிக்கிறவன்தான். திருச்சியில் மெல்லிசைக் குழுவில் கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று வாசித்தே தலை நரைத்தவன். ராக் எனக்குக் கல்லூரி நாட்களில் பதிந்து வாங்கிய கேசட்டுகளில் வந்து சேர்ந்தது. கடைக்காரர் பாட்டின் பேரைப் பேனாவால் எழுதித் தருவார். யார் எழுதிய பாட்டு என்பதெல்லாம் அதில் இருக்காது. பிற்பாடு அசல் தட்டுகளும் சி.டி.க்களும் கைக்குக் கிடைத்தபோதுதான், ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் பேர்கள் இருப்பதைப் பார்த்தேன். அன்றிலிருந்து அட்டையைக் கையில் எடுத்தால் முதல் வேலை, அந்தப் பொடி எழுத்தில் டிரம்மர் பேர் இருக்கிறதா என்று தேடுவது. பெரும்பாலும் இருக்காது.

ஏன் இருக்காது, இருக்கிற சில இடங்களில் எப்படி வந்தது என்று துருவிக்கொண்டே போனதில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பாட்டுக்கடியில் பேர் போடுவது ஒரு கணக்கு. பணத்தைப் பிரிப்பது இன்னொரு கணக்கு. முதல் கணக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது கணக்கு நாம் எப்படிச் சேர்ந்து இருக்கப்போகிறோம் என்பதை முடிவு செய்கிறது. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதிய குழுக்கள்தான் அதிகமாக அடித்துக்கொண்டன.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். நாம் கேட்கிற ஒரு பாட்டில் சட்டப்படி இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று, வரிகளும் மெட்டும் சேர்ந்த பாட்டு. மற்றொன்று, அந்தப் பாட்டை ஸ்டுடியோவில் வாசித்துப் பதிந்த ஒலிப்பதிவு. ஒலிப்பதிவின் பணம் குழுவில் வாசித்த எல்லோருக்கும் வரும், ஆனால் தாமதமாக. இசைத்தட்டு நிறுவனம் கொடுத்த முன்பணம், ஸ்டுடியோ செலவு எல்லாவற்றையும் கழித்துக்கொண்ட பிறகுதான் மிச்சம்.

பாட்டின் பணம் அப்படியல்ல. தட்டு விற்றால் வரும், வானொலியில் ஒலித்தால் வரும், மேடையில் பாடினால் வரும், விளம்பரத்தில் போட்டால் வரும். இன்னொருவர் தன் குரலில் பாடிப் பதிந்தாலும் எழுதியவருக்கு வரும். அசல் பதிவில் வாசித்தவர்களுக்கு வராது. எழுதியவர் போன பிறகும் பிரிட்டனில் 70 வருடம், இந்தியாவில் 60 வருடம் உரிமை நிற்கும். பேரன் பேத்தி வரைக்கும் சாப்பிடலாம்.

அமெரிக்காவில் 1909-ல் எழுதிய சட்டப்படி, ஒரு பாட்டின் ஒரு பிரதிக்கு எழுத்தாளர் தரப்புக்கு 2 சென்ட். அந்த 2 சென்ட் 1978 வரை மாறவே இல்லை. அற்பத் தொகைதான். பத்து லட்சம் தட்டு விற்கிறபோது அதுவே இருபதாயிரம் டாலர். பத்துப் பாட்டையும் ஒருவரே எழுதிய ஆல்பம் என்றால் இரண்டு லட்சம். அதே ஸ்டுடியோவில், அதே இரவில், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவருக்கு இந்த வழியில் ஒன்றுமில்லை. ஒரே வேனில் ஊர் ஊராகப் போனவர்களில் ஒருவன் பங்களா வாங்குவதும் இன்னொருவன் வாடகை வீட்டில் இருப்பதும் இப்படித்தான்.

சட்டத்தின் காதில் பாட்டு என்பது பெரும்பாலும் சொல்லும் மெட்டும். தாளக்கட்டு, பேஸ் ஓட்டம், எந்த இடத்தில் எல்லோரும் நிறுத்தி எந்த இடத்தில் மறுபடி எடுப்பது என்பதெல்லாம் வாசிப்பு, அலங்காரம் என்ற கணக்கில் போய்விடும். இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. ஒரு பக்திப் பாட்டுக் கேசட்டுக்கு வாசிக்கப் போயிருந்தேன். மெட்டு சவசவ என்று கிடந்தது. பல்லவியை அரைத் தாளம் தள்ளி எடுத்தால் நன்றாக இருக்குமே என்று சொல்லி வாசித்துக் காட்டினேன். இசையமைத்தவருக்குப் பிடித்துப்போய் பாட்டையே அதற்கேற்ப மாற்றினார். கிளம்பும்போது, “அண்ணே, கேசட்டுல பேர் போடுவீங்களா?” என்றேன். “வாசிச்சதுக்குத்தான் காசு குடுத்துட்டமே தம்பி” என்றார். சட்டம் படித்தவர்போல அவர் சொன்னது சரிதான். அந்தக் கேசட் இப்போதும் ஆடி மாதம் எங்கள் பக்கத்தில் ஸ்பீக்கரில் ஓடுகிறது.

இரண்டு பையன்கள் பேசிவைத்தது

ராக் உலகத்தில் மிகப் பிரபலமான பங்கீடு லெனன், மெக்கார்ட்னி இருவருடையது. லிவர்பூலில் பதின்வயதில் சேர்ந்து பாட்டுக்கட்டத் தொடங்கிய காலத்திலேயே, யார் எழுதினாலும் இரண்டு பேர் பேரும் போடுவது என்று பேசிக்கொண்டார்கள். 1963-ல் வந்த முதல் ஆல்பத்தில் மெக்கார்ட்னி பேர் முன்னால் இருந்தது. அதே வருடம் ‘ஷீ லவ்ஸ் யூ’ வந்தபோது லெனன் முன்னால் வந்துவிட்டார், அப்புறம் மாறவில்லை.

‘யெஸ்டர்டே’ 1965-ல் பதிவானது. மெக்கார்ட்னி தனியாகப் பாடி, தானே கிதார் வாசித்தார். கூட நான்கு பேர் கொண்ட தந்தி வாத்தியக் கோஷ்டி. மற்ற மூன்று பீட்டில்ஸும் அதில் வாசிக்கவே இல்லை. ஆனாலும் தட்டில் லெனன் பேர்தான் முதலில். மெக்கார்ட்னிக்கு அது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும்; 2002-ல் தன் கச்சேரி ஆல்பம் ஒன்றில் பீட்டில்ஸ் பாட்டுகளுக்குத் தன் பேரை முன்னால் மாற்றிப் போட்டுக்கொண்டார். லெனனின் மனைவி யோகோ ஓனோவுக்கு அது பிடிக்கவில்லை. கவனித்துப் பாருங்கள், இத்தனைக்கும் பணத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சண்டை முழுக்கப் பேரின் வரிசைக்காக.

பணத்தில் அடிபட்டவர் ஜார்ஜ் ஹாரிசன். பாட்டுகளின் உரிமையை வைத்துக்கொள்ள 1963-ல் நார்தர்ன் சாங்ஸ் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். பதிப்பாளர் டிக் ஜேம்ஸ் தரப்புக்குப் பாதி, லெனனுக்கும் மெக்கார்ட்னிக்கும் ஆளுக்கு 20 சதவீதம், மேனேஜர் பிரையன் எப்ஸ்டீனுக்கு 10. ஹாரிசன் எழுதிய பாட்டுகளும் அதே நிறுவனத்துக்குத்தான் போயின. நிறுவனத்தில் பெரும் பங்கு வைத்திருந்த நண்பர்கள் இருவரும் ஹாரிசனின் பாட்டிலும் லாபம் பார்த்தார்கள். அவர் அதைப் பற்றியே ‘ஒன்லி எ நார்தர்ன் சாங்’ என்று ஒரு பாட்டு எழுதினார். நக்கலான பாட்டு, அதன் உரிமையும் நார்தர்ன் சாங்ஸுக்கே போனது. பிறகு அவர் தன் பாட்டுகளை ஹாரிசாங்ஸ் என்ற சொந்த நிறுவனத்துக்கே கொடுத்தார்.

ரிங்கோ ஸ்டார் என் சாதிக்காரர், டிரம்மர். ‘கம் டுகெதர்’ பாட்டின் தொடக்கத்தில் அவர் உருட்டுகிற அந்த டிரம்ஸை எடுத்துவிட்டால் உலகத்தில் யாராலும் அந்தப் பாட்டை முதல் நொடியில் அடையாளம் சொல்ல முடியாது. பாட்டுக்கடியில் இருப்பது லெனன், மெக்கார்ட்னி.

நீளத்துக்குக் காசில்லை

ஆல்பம் என்று வரும்போது இன்னொரு சிக்கல் சேருகிறது. எழுத்தாளர் பணத்தைப் பாட்டின் எண்ணிக்கையை வைத்துப் பிரிப்பதா, நீளத்தை வைத்துப் பிரிப்பதா?

பிங்க் ஃப்ளாய்டின் ‘அனிமல்ஸ்’ 1977-ல் வந்தது. மொத்தமே ஐந்து தடங்கள். ‘டாக்ஸ்’ என்ற பாட்டு மட்டும் 17 நிமிடம், தட்டின் ஒரு பக்கத்தை ஏறக்குறைய அதுவே அடைத்துக்கொண்டது. அது கிதார் கலைஞர் டேவிட் கில்மரும் பேஸ் வாசித்த ராஜர் வாட்டர்ஸும் சேர்ந்து எழுதியது. ஆல்பத்தின் முதலிலும் கடைசியிலும் ‘பிக்ஸ் ஆன் த விங்’ என்று ஒன்றரை நிமிடம்கூட வராத இரண்டு துண்டுகள். அவை வாட்டர்ஸ் மட்டும் எழுதியவை. பணம் பாட்டுக்கணக்கில் பிரிந்ததால், ஒரே பாட்டின் இரண்டு துண்டு இரண்டு பாட்டானது. பதினேழு நிமிடத்தில் பாதி உரிமை வைத்திருந்த கில்மரைவிட, மூன்று நிமிடத்துக்கும் குறைவான துண்டுகளால் வாட்டர்ஸுக்கு அதிகம் போனது. அந்தக் குழுவின் டிரம்மர் நிக் மேசன் தன் நினைவுக் குறிப்பில் இதைச் சொல்லியிருக்கிறார். சில வருடத்தில் அவர்கள் பிரிந்து நீதிமன்றம் போனதற்கு இதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். இதுவும் மனதில் கிடந்திருக்கும்.

பேர் போட்டுப் பிரிக்கிற குழுக்களில் ஆல்பம் தயாராகும்போது ஒரு நோய் வரும். எந்தப் பாட்டு நல்லது என்பதைவிட, யாருடைய பாட்டு உள்ளே போகிறது என்பது பெரிதாகிவிடும். பத்து இடத்துக்கு நான்கு பேர் முட்டிக்கொள்வார்கள். எந்தப் பாட்டு தனித்தட்டாக வெளிவரும் என்பதில் மறுபடி முட்டல். நண்பனின் பாட்டுக்கு நல்ல யோசனை தோன்றினாலும் வாயை மூடிக்கொண்டு, அதைத் தன் பாட்டுக்குப் பதுக்கி வைக்கத் தோன்றும்.

நால்வர் பேரும், நாலு பங்கும்

இந்த நோய்க்கு ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் ஊரில் நான்கு பேர் மருந்து கண்டார்கள். 1980-ல் தொடங்கிய ஆர்.இ.எம். குழு. பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்று அகர வரிசையில் நால்வர் பேரும் எல்லாப் பாட்டிலும். பணம் நாலு சம பங்கு. முடிவெடுப்பதிலும் ஆளுக்கொரு ஓட்டு. ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

இதன் பலன் 1992-ல் வந்த ‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’ பாட்டில் தெரியும். அந்தக் குழுவின் மிகப் பிரபலமான பாட்டுகளில் ஒன்று. அதன் கரு டிரம்மர் பில் பெர்ரியிடமிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாட்டில் பெரும்பகுதி டிரம்ஸ் இல்லை; ஒரு தாள இயந்திரம் மெல்ல டிக் டிக் என்று ஓடுகிறது. தான் வாசிக்கத் தேவையில்லாத பாட்டை ஒரு டிரம்மர் கொண்டுவந்து நண்பர்களிடம் கொடுத்திருக்கிறார். ‘என் இடம் போய்விடுமோ’ என்ற பயம் இல்லாதவனால்தான் அது முடியும். அந்தப் பயத்தைப் போக்கியது நாலு சம பங்கு என்றுதான் நான் நம்புகிறேன். பெர்ரி 1995-ல் ஸ்விட்சர்லாந்தில் மேடையிலேயே மூளை ரத்தக்குழாய் வெடித்து விழுந்தார், பிழைத்தார், 1997-ல் குழுவை விட்டு விலகினார். மற்ற மூவரும் 2011 வரை ஓட்டினார்கள். பிரிகிறபோதும் சேற்றை வாரி வீசிக்கொள்ளவில்லை.

டீப் பர்ப்பிள் குழுவின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ நம்மூரில் கிதார் கடையில் நுழைகிற எல்லோருக்கும் தெரிந்த துண்டு. அந்த கிதார் வரி ரிச்சி பிளாக்மோருடையது. பாட்டுக்கடியில் டிரம்மர் இயன் பெய்ஸ் உட்பட ஐந்து பேர் பேரும் இருக்கிறது. கோல்ட்ப்ளேயிலும் எல்லாப் பாட்டுக்கும் நால்வர் பேர்.

யூ2 குழு செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. அட்டையில் வரிகள் போனோ என்றும் இசை யூ2 என்றும் பிரித்துப் போடுவார்கள். உழைப்பு யாருடையது என்று உலகத்துக்குச் சொல்லியாயிற்று. பணத்தை மட்டும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆரம்ப நாளிலேயே இப்படிச் செய்யச் சொன்னது அவர்களுடைய மேனேஜர் பால் மக்கின்னஸ். டப்ளினில் பள்ளிப் பிள்ளைகளாகச் சேர்ந்த அந்த நால்வரும் இன்றும் அதே நால்வர்தான்.

சமப் பங்கு வைத்துவிட்டால் எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். டோர்ஸ் குழுவும் 1967-ல் முதல் ஆல்பத்தில் பாட்டுகளைக் குழுவின் பேரில்தான் போட்டது. ‘லைட் மை ஃபயர்’ பெரும்பாலும் கிதார் கலைஞர் ராபி கிரீகர் கட்டியது, பணம் நால்வருக்கும். அடுத்த வருடம் ஒரு கார் கம்பெனி விளம்பரத்துக்குக் கேட்டது. பாடகர் ஜிம் மாரிசன் ஊரில் இல்லாத நேரத்தில் மற்ற மூவரும் சரி என்றுவிட்டார்கள். திரும்பிவந்த மாரிசன் கொதித்துப்போனார், விளம்பரம் நின்றது. 1969-ல் வந்த நான்காவது ஆல்பத்தில் பாட்டுக்குப் பாட்டு தனிப் பேர் வந்துவிட்டது. கிரீகர் எழுதிய ஒரு வரி தன் வரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பது மாரிசனின் கவலை. சேர்ந்து பேர் போட்டால் மற்றவன் சொன்னதற்கும் நீ பொறுப்பு.

மாரிசன் 1971-ல் இறந்தார். முப்பது வருடம் கழித்து இன்னொரு கார் கம்பெனி ஒன்றரைக் கோடி டாலர் தருவதாக வந்தது. மாட்டேன் என்றவர் டிரம்மர் ஜான் டென்ஸ்மோர். நால்வரில் ஒருவர் மறுத்தாலும் விற்க முடியாது என்பது அவர்களுடைய பழைய ஏற்பாடு. சமப் பங்கு டிரம்மருக்குக் காசை மட்டும் தரவில்லை, இல்லை என்று சொல்லும் அதிகாரத்தையும் தந்தது.

எழுதுகிறவன் மனசையும் பார்க்க வேண்டும். நிர்வாணா குழுவில் தொடக்கத்தில் பணம் மூன்று சம பங்கு. 1991-ல் ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் உலகம் முழுக்க விற்றுத் தள்ளியதும், வரிகளின் பணம் முழுதும், இசையின் பணத்தில் முக்கால்வாசியும் தனக்கு வேண்டும், அதுவும் பின்தேதியிட்டு வேண்டும் என்றார் பாடகர் கர்ட் கோபேன். கூட இருந்தவர்கள் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் மனக்கசப்போடு. பெரும்பாலும் எழுதியது அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கேட்ட தொகையைவிடக் கேட்ட நேரம்தான் புண்படுத்தியது.

நீதிபதி முன்னால் ஆர்கன்

பேசி முடிக்காததை நீதிமன்றம் முடித்துவைக்கும். எப்படி முடிக்கும் என்பதற்கு லண்டனில் நடந்த சில வழக்குகள் போதும்.

ஸ்பாண்டாவ் பாலே குழுவின் பாட்டுகளுக்குக் கேரி கெம்ப் ஒருவர் பேர்தான். ஆனாலும் சில வருடம் தன் எழுத்தாளர் பணத்தில் ஒரு பகுதியைக் குழுவுக்குக் கொடுத்துவந்தார். 1980களின் பின்பாதியில் நிறுத்திக்கொண்டார். பாடகர் டோனி ஹாட்லியும் இன்னும் இருவரும், வாய்மொழியாக எங்களுக்குள் ஒப்பந்தம் இருந்தது என்று வழக்குப் போட்டார்கள். ‘ட்ரூ’ பாட்டில் நெஞ்சைத் தொடுகிற சாக்ஸபோன் வாசித்த ஸ்டீவ் நார்மன் அவர்களில் ஒருவர். 1999-ல் தீர்ப்பு வந்தது. அப்படியொரு ஒப்பந்தம் நிரூபணமாகவில்லை. பாட்டு கெம்ப்பிடமிருந்து முழுசாகவே வந்தது. மற்றவர்கள் செய்தது நன்றாக வாசித்தது. மூவரும் தோற்றார்கள். பத்து வருடம் கழித்து எல்லோரும் ஒரே மேடைக்குத் திரும்பினார்கள் என்பது தனிக் கதை.

ஸ்மித்ஸ் குழுவின் டிரம்மர் மைக் ஜாய்ஸ் 1996-ல் ஜெயித்தார். அவர் சாமர்த்தியமாகப் பாட்டெழுதிய பணத்தைத் தொடவே இல்லை. அது மாரிசி, ஜானி மார் இருவருக்குத்தான் என்று விட்டுவிட்டார். ஒலிப்பதிவு, கச்சேரி வருமானத்தில் 10 சதவீதம்தான் கொடுத்தார்கள், கால் பங்கு வேண்டும் என்றார். கூட்டாளிகள் வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் சம பங்கு என்று 1890-ம் வருடத்து கூட்டு வணிகச் சட்டம் சொல்கிறது. நூறு வருடப் பழைய சட்டம் ஒரு டிரம்மரைக் காப்பாற்றியது.

எல்லாவற்றையும்விட எனக்கு இனிக்கிற வழக்கு புரோக்கல் ஹாரம் குழுவுடையது. ‘எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்’, 1967. தொடக்கத்தில் கோயில் வாசலில் நிற்பதுபோல உணரவைக்கும் ஆர்கன் இசை ஒன்று வரும். வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். பாட்டுக்கடியில் மெட்டமைத்த கேரி புரூக்கர், வரி எழுதிய கீத் ரீட் இருவர் பேர் மட்டும். ஃபிஷர் குழுவில் சேரும் முன்பே பாட்டு தயாராகிவிட்டது என்பது அவர்கள் வாதம். ஃபிஷர் 38 வருடம் கழித்து, 2005-ல் வழக்குக்கு வந்தார். 2006-ல் உயர் நீதிமன்றம் இசையில் 40 சதவீதம் அவருக்கு என்றது. 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நீயும் எழுத்தாளன்தான், பேர் உனக்கு உண்டு, ஆனால் இவ்வளவு தாமதமாக வந்ததால் பணம் கிடையாது என்றது. 2009-ல் பிரபுக்கள் சபை, இந்த உரிமைக்குக் காலக்கெடு இல்லை, பணமும் கொடு என்று முடித்தது. அதுவும் வழக்குத் தொடுத்த நாளுக்குப் பிறகு வந்த பணம் மட்டும்தான். அதற்கு முந்தைய 38 வருடத்துக் காசு போனது போனதுதான். பேர் வேறு, பணம் வேறு என்பதை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றங்களே ஒன்றை ஒன்று மறுத்து நிரூபித்தன.

பிங்க் ஃப்ளாய்டின் ‘த கிரேட் கிக் இன் த ஸ்கை’ பாட்டில் சொல்லே இல்லாமல் ஒரு பெண் குரல் அழுது உயர்ந்து அடங்கும். பாடியவர் கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவுக்கு வந்து பாடிவிட்டு 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனவர். 2004-ல் வழக்குப் போட்டார். அடுத்த வருடம் நீதிமன்றத்துக்கு வெளியே சமாதானம் ஆனது. இப்போது வரும் பதிப்புகளில், பாட்டை எழுதிய ரிச்சர்ட் ரைட் பேருக்குப் பக்கத்தில் டோரி பேரும் இருக்கிறது.

இந்தச் சண்டை பழங்கதையும் இல்லை. 1983-ல் வந்த போலீஸ் குழுவின் ‘எவ்ரி பிரெத் யூ டேக்’ பாட்டுக்கு எழுத்தாளர் ஸ்டிங் மட்டும். பாட்டைக் கேட்டதும் நினைவுக்கு வருகிற அந்த கிதார் நடையை வாசித்தவர் ஆண்டி சம்மர்ஸ். 2025-ல் சம்மர்ஸும் டிரம்மர் ஸ்டூவர்ட் கோப்லண்டும் ராயல்டி தொடர்பாக ஸ்டிங் மேல் லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். தாத்தா வயதில்.

குவீன் திருந்திய வருடம்

குவீன் குழுவில் நால்வருமே தனித்தனியாக உலகம் அறிந்த பாட்டுகளை எழுதினார்கள். ‘வி வில் ராக் யூ’ மே, ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’ டீக்கன், ‘ரேடியோ காகா’ டெய்லர். திறமைக்குப் பஞ்சமில்லை, அதனாலேயே ஆல்பம் தயாராகும் ஒவ்வொரு தடவையும் இழுபறி. 1989-ல் ‘த மிராக்கிள்’ ஆல்பத்தில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். யார் தொடங்கிய பாட்டாக இருந்தாலும் எழுதியது குவீன். 1991-ல் வந்த ‘இன்னுவெண்டோ’விலும் அப்படியே. மெர்க்குரி நோயில் இருந்த காலம் அது. 1991 நவம்பரில் இறந்தார். பெரும்பகுதி மேயின் கையில் உருவான ‘த ஷோ மஸ்ட் கோ ஆன்’ பாட்டிலும் பேர் குவீன்தான். எந்தப் பாட்டைத் தனித்தட்டாகப் போடுவது என்பதை இனிப் பாட்டை வைத்து மட்டும் முடிவு செய்யலாம். பதினாலு வருடம் முன்னால் பின்பக்கத்துக்கு முட்டிக்கொண்டவர்கள் வந்து சேர்ந்த இடம் இது.

நம்மூர்க் கணக்கு

சென்னை சினிமா ஒலிப்பதிவில் வாசிக்கிறவர்களுக்குக் கால்ஷீட் கணக்கில் சம்பளம். பாட்டு இசையமைப்பாளருடையது, வரி கவிஞருடையது. வாசித்தவர்கள் பேரைக் கேசட், சி.டி. அட்டையில் வரிசையாகப் போடும் வழக்கத்தை ஏ.ஆர். ரஹ்மான் பரவலாக்கியபோது, எங்களைப் போன்றவர்கள் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம். அது பேர், பணமல்ல. ஆனாலும் ஒரு பேர் அடுத்த வேலையைக் கொண்டுவரும்.

பணத்தின் பக்கம் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் வந்தது. சினிமாவுக்கு எழுதும் கவிஞரும் இசையமைப்பாளரும் ராயல்டி உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட முடியாது; வாரிசுக்கும் உரிமைச் சங்கத்துக்கும் தவிர வேறு யாருக்கும் அது போகாது. பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் நிகழ்த்துநர் என்ற முறையில் ராயல்டி கேட்க வழி பிறந்தது. சினிமாவுக்கு வெளியே சொந்தப் பாட்டுப் போடும் இளம் குழுக்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கின்றன. பாட்டை ஐ.பி.ஆர்.எஸ். என்ற உரிமைச் சங்கத்தில் பதியும்போது யாருக்கு எவ்வளவு என்று சதவீதம் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தை நிரப்பும்போதுதான் பல நண்பர்கள் முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

என்னிடம் வாசிக்கக் கற்றுக்கொள்ள வரும் பையன்களும் பெண்களும் குழு தொடங்குகிறோம் என்றால் நான் சொல்வது இதுதான். பேரில் உண்மையாக இருங்கள்: மெட்டு யார் கொண்டுவந்தார், வரி யார் எழுதினார் என்பதை அப்படியே போடுங்கள். எழுதியவனுக்கு அந்த மரியாதை வேண்டும். பணத்தில் தாராளமாக இருங்கள்: எழுதியவருக்கு முதலில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் சமமாகப் போடுங்கள். முதல் பங்கு கால்வாசியா அரைவாசியா என்பது உங்கள் இஷ்டம். ஆனால் பாட்டு வெளிவருவதற்கு முன்னால், ஒத்திகை முடிந்த அன்றைக்கே, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒன்றும் விற்காத பாட்டுக்குச் சண்டை வராது. விற்ற பிறகு எழுதப் போனால் தாளுக்குப் பதில் வக்கீல் வருவார்.

தாளை எடுத்ததும், “நமக்குள்ள எதுக்குடா இதெல்லாம்?” என்று ஒருத்தன் சிரிப்பான். பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அவன்தான் மெட்டுப் போடுகிறவனாக இருப்பான். முதல் கையெழுத்தை அவனிடம் வாங்குங்கள்.